வெள்ளைப் புறம் வெளியே

கொழிஞ்சாம்பாறை,
வெள்ளிக்கிழமை காலை.

மானமுள்ள மைத்துனரே, கஞ்சிக்கோட்டு ஆலையில் நூறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் சந்துரு அவர்களே, வணக்கம். நானும் உங்கள் அக்கா வள்ளியாத்தாளும் மகள் வனிதாவும் உடலளவில் நலம். அங்கே எல்லோரும் முழு அளவில் நலமாக இருக்க விழைகிறேன். நீங்கள் முன்னின்று பேசி முடித்த மண உறவு உடைந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாளில் நிகழவிருந்த திருமணத்தை ஒரு பொட்டலம் தேயிலையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். இந்தக் கொடுமையை உங்கள் முன் வைக்கவே எழுதுகிறேன்.

நாம் மூணாறு சென்று, அவர்களுக்கும் நம் நெருங்கிய உறவினருக்கும் ஏதேனும் நினைவுப்பொருள் வாங்கிவந்தால் சிறப்பாக இருக்கும் என்று மணமகனின் தாயார் நாச்சம்மாள் சென்ற மாதமே சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்தால் பதினான்கு வீடுகள். செலவை நினைத்து நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான், அதே மூணாற்றில், மாட்டுப்பட்டிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த என் நாற்பதாண்டுத் தோழர் பெரியமுத்து மறைந்த செய்தி வந்தது. மேடைதோறும் எனக்கு முன்பாகப் பேசி, கூட்டத்தைச் சூடாக்கி என்னிடம் ஒப்படைத்த மனிதர். அழுதேன். அழுது முடித்தபின், எப்படியும் போகத்தான் வேண்டும், ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாமே என்றும் எண்ணினேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். சம்பந்தி வீட்டாரிடம் மறைத்தேன். சுற்றுலா செல்வதாகவே சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அடக்கம் முடிந்து கடைத்தெருவில் இறங்கினால், வண்ண அட்டைப்பெட்டியில் அடைத்த தேயிலைக்கு அவர்கள் சொன்ன விலையில் நம் ஊரில் ஒரு மாதம் தேநீர்க் கடையிலேயே குடியிருக்கலாம். பையைத் தொங்கவிட்டபடி துக்க வீட்டுக்கே திரும்பினேன். பெரியமுத்துவின் மகன் சதீஷ் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். “அங்க எதுக்கு மாமா போனீய, அது டூரிஸ்ட்டுக்குச் சொல்ற வெலை. தோட்டத்துல அப்பாவுக்குக் குடுத்த பங்குத் தேயிலை இங்க மூட்டையாக் கெடக்கு. இனி யாரு குடிக்கப் போறா” என்றான். நான் தயங்கினேன். அவன் தாய் சாந்தம்மாள் சுவரில் சாய்ந்தபடியே, “கொண்டுபோங்கண்ணே. அவுக இருந்தா உங்கள வெறுங்கையோட அனுப்புவாகளா” என்றார். அதற்குமேல் மறுப்பது பண்பாகாது.

தேயிலை கிடைத்தது. கட்டுவதற்குத் தாள் இல்லை. அங்கேதான் விதி காத்திருந்தது. மழை ஓயாமல் பெய்ததால் ஒட்ட முடியாமல் போன கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒரு மூலையில் கட்டாகக் கிடந்தன. ஒருபுறம் தோழரின் படம், மறுபுறம் பால்போல் வெண்மை, கெட்டியான தாள். சுவரொட்டிகளை மடித்தே காய்த்த கை என்னுடையது. வெள்ளைப் புறத்தை வெளியே வைத்து, சிவப்பு நூல் சுற்றி, பதினான்கு பொட்டலங்களை நானே கட்டினேன். கடைக்காரன்கூட அவ்வளவு அழகாகக் கட்டமாட்டான். வீட்டுக்கு வந்ததும் பெயர் எழுதி எல்லா வீடுகளுக்கும் சேர்க்கும் பொறுப்பை வனிதாவிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை நாச்சம்மாள் அந்தப் பொட்டலத்தை, பூவும் தேங்காயும் வைத்திருந்த தாம்பாளத்திலேயே வைத்து, உறவினர்முன் பிரித்திருக்கிறார். உள்ளே பெரியமுத்து சிரிக்கிறார். கீழே “முழங்கிய வேங்கையே, மண்ணுக்குள் ஏன் உறங்கினாய்” என்று நானே தொலைபேசியில் சொல்லி அச்சிடவைத்த வரி. அதற்கும் கீழே “கண்ணீருடன் அறவாழி” என்று என் பெயர். மாலையே அந்த அம்மையார் நம் வாசலில் நின்றார். “ஏனுங்க, கண்ணாலத்துக்கு நாள் குறிச்ச ஊட்டுக்கு எழவு நோட்டீசையா கட்டிக் குடுப்பாங்க? இதுல கண்ணீருடன்னு உங்க பேரு வேற. எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க” என்று தாளை என் கையில் திணித்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். சாவு வந்துபோன வீட்டில் உட்கார மாட்டாராம். சாவு வந்தது இந்த வீட்டிலில்லை, நூறு கல்லுக்கு அப்பால் என்றேன். கேட்கவில்லை. தாள் திரும்பியது. தேயிலை திரும்பவில்லை.

உங்கள் அக்கா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைக்கும் ஓசையில் எல்லாம் சொல்லிவிடுகிறார். மற்ற பதின்மூன்று வீடுகளும் எப்போது தாளோடு வந்து நிற்குமோ என்று வாசலையே பார்த்துக் கிடக்கிறேன். நேற்று வந்த ஒன்றுவிட்ட அண்ணன் குப்பண்ணன்கூட, “தூள் நல்லாருக்குதுங்க தம்பி” என்று மட்டும் சொல்லிப் போனார். அந்த நாகரிகம் என்னை இன்னும் அச்சுறுத்துகிறது.

ஆகவே, இந்த உறவைக் கொண்டுவந்தவர் என்ற முறையில், இன்றே விடுப்பெடுத்து, கிடைக்கும் முதல் பேருந்தில் ஏறி நாச்சம்மாள் வீட்டுக்குச் செல்லுங்கள். பிழை தாளைக் கட்டியவனுடையது, பெண்ணுடையதன்று என்று எடுத்துரையுங்கள். தேவையானால் காலிலும் விழுங்கள். நான் மேடையில் கண்டித்த செயல்தான் அது, என் பொருட்டு நீங்கள் செய்யலாம்.

உங்கள் இல்லத்தில் இன்பம் நிலைக்கட்டும், பிள்ளைகள் கல்வியில் ஓங்கட்டும்.

உங்கள் மாமன்,
அறவாழி

பின்குறிப்பு: மேலே உள்ள தாள்களை வனிதாவின் கைப்பேசி வழியே உங்களுக்கு அனுப்பியாகிவிட்டது. படமெடுக்கும்போதே அவள் படித்துவிட்டு, என் எதிரில் வந்து அமர்ந்தாள். பதின்மூன்று பொட்டலங்களை அன்றே பிரித்து, செய்தித்தாளில் கட்டித்தான் கொடுத்தாளாம். ஒன்றை மட்டும் நான் கட்டியபடியே விட்டாளாம். ஏனம்மா என்றேன். “நீங்க எழவுக்குப் போறீங்கன்னு நான் அன்னைக்கே மாப்பிள்ளையோட அம்மாகிட்டப் போன்ல சொல்லிட்டேனுங்கப்பா. யாரு செத்தாங்கன்னு அவுங்க ஒரு வார்த்த கேக்கல. போறதே போறாரு, ஏலக்காயும் சேத்தி வாங்கிட்டு வரச் சொல்லுன்னாங்க. பெரியமுத்து மாமன் மொகத்தையாவது பாக்கட்டும்னுதான் உட்டுட்டேன்” என்றாள்.

மைத்துனரே, நீங்கள் இந்நேரம் பேருந்தில் இருப்பீர்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள்.