ஐந்து ராத்திரி ஆறு பகல் தாய்லாந்துக்காரர்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகப் பெருக, புதுப்புதுப் பிறவிகளும் பெருகின. தரகர் வந்தார், தரகருக்குத் தரகர் வந்தார், ஒரு தையல் மெஷினும் நான்கு விசிட்டிங் கார்டும் வைத்திருக்கும் ஏற்றுமதியாளர் வந்தார். அவர்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இப்போது உங்களுக்குக் காட்டப்போவது, ஐந்து ராத்திரி ஆறு பகல் தாய்லாந்துக்காரரை.

பேரைப் பார்த்து அங்கே பிறந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். பிறந்தது, படித்ததாகச் சொல்லப்படுவது, பெண் எடுத்தது, கம்பெனி வைத்தது எல்லாமே பத்து மைலுக்குள்தான். ஒரே ஒரு தரம் பேக்கேஜ் டூரில் போய்வந்தார். அந்த ஆறு பகலில் ஒன்று விமான நிலையத்தில் பெட்டிக்குக் காத்திருந்ததில் போயிற்று. இன்னொன்று வயிற்றுப்போக்கில் போயிற்று. மிச்சம் நாலு. அந்த நாலு பகலை வைத்துக்கொண்டு நாலு வருஷமாகப் பேசுகிறார். ஒரு கிலோ நூலில் இத்தனை நீளத் துணியை எந்த மெஷினாவது ஓட்டுமா?

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வாயைத் திறந்தால் "அங்கெல்லாம்" என்றுதான் ஆரம்பிப்பார். ரோட்டில் நெரிசலா, "அங்கெல்லாம் ஒருத்தனும் ஹாரன் அடிக்க மாட்டானுங்க" என்று, தன் ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே சொல்வார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் அங்கெல்லாம் எண்ணெயே சேர்க்க மாட்டார்கள் என்பார், சொல்லிக்கொண்டே இரண்டாவது வடைக்குக் கை நீட்டுவார். எழவு வீட்டில்கூட, பிணம் கிடக்கும்போதே, அங்கெல்லாம் எப்படிச் சிரித்த முகமாகச் சாகிறார்கள் தெரியுமா என்று பக்கத்தில் இருப்பவரின் காதைக் கடிப்பார். டீக்கடைக்காரரைப் பார்த்துக் கைகூப்பி, அந்த ஊர் வணக்கமாக, "சவாதி காப்" என்பார். டீக்கடைக்காரர், காப்பி கேட்கிறார் என்று நினைத்துக் காப்பி போட்டுக் கொடுப்பார். அதையும் குடிப்பார்.

எனக்குத் தெரிந்த தாய்லாந்துக்காரர்களில் அசல் சரக்கு மாரப்பன். எனக்கு மாப்பிள்ளை முறை. அவர் சம்சாரம் குழந்தையம்மாளின் அப்பனும் நானும் ஒரே பாட்டனுக்குப் பேரன்கள்; அந்தப் பாட்டனுக்கு ஆண் வாரிசு எட்டு, அதில் ஆறு பேரைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. மாரப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. கம்பெனியை மகன் பார்த்துக்கொள்கிறான். இவர் சும்மா இருக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்.

டூருக்கு அவருடன் போனவன் அவருடைய அக்காள் மகன் சசிகுமார். கடைவீதிக் கதையை அவன் சொல்லித்தான் கேட்கவேண்டும்.

"மாமனோட எந்தக் கடைக்கும் போக முடியலீங்க. சட்டையத் தொட்டார்னா உள்பக்கமாத் திருப்பிப்போடுவாரு. ஓவர்லாக் தையலப் பாப்பாரு. ரெண்டு பக்கமும் இழுத்துப் பாப்பாரு. 'இந்தத் தையல நம்ம செக்கிங்கல விட்டா சரக்கு வாங்கற பையர் மூஞ்சியிலயே வீசுவான்'னு அந்தக் கடைக்காரப் பொண்ணுகிட்ட தமிழ்ல சத்தம் போடுவாரு. ரெண்டு மணி நேரத்துல முப்பது பனியன் திருப்பினாரு. வாங்குனது எதுவுமில்லீங்க. கடைசியில தைலம் வாங்குனாரு. அதத் திருப்ப முடியாதல்லொ."

இரவு வாழ்க்கை? அதைக் கேட்காதீர்கள். நீங்கள் கேட்காமலேயே அவர் இருபுறமும் பார்ப்பார், குரலைத் தாழ்த்துவார், "அதெல்லாம் இங்க வெச்சுப் பேசற விசயமில்லீங்க" என்பார். அவ்வளவுதான். நாலு வருஷமாக அந்த ஒரே வாக்கியம். அதற்கே ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் அவரைப் பொறாமையோடு பார்க்கிறார்கள். சசிகுமார் சொல்வது வேறு.

"எட்டு மணிக்கெல்லாம் டூர் சமையல்காரரு போட்ட ரசஞ்சோறு. ஒம்பதுக்குக் கொறட்டை. ஒரே ஒரு நாள் அந்த லைட்டு வீதிக்கு இழுத்துட்டுப் போனனுங்க. ஒரு பொண்ணு வந்து 'ஹலோ பாஸ்'னு கையப் புடிச்சுருச்சு. மாமன் அவ போட்டிருந்த பனியனோட கைமடிப்பப் பாத்துட்டு, 'இங்க தையல் விட்டிருக்குதம்மா'ன்னாரு. அவ போயிட்டா."

இப்படிப்பட்டவர் தாய்லாந்திலேயே ஓய்வு காலத்தைக் கழிக்கப்போவதாக முடிவெடுத்தார். ஐம்பது வயது தாண்டினால் அங்கே தங்க விசா கொடுக்கிறார்களாம். பட்டாயாவில் கடலைப் பார்த்த அடுக்குமாடியில், ஏழாவது மாடி வீடு. கீழே நீச்சல் குளம். மாரப்பனுக்கு நீச்சல் தெரியாது. அதனாலென்ன, பார்க்கலாமே?

தன் கம்பெனியின் செக்கிங் பெண்களிடமும் இதைச் சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சீனியம்மாள், கையில் இருந்த பனியனிலிருந்து பிசிறு வெட்டியபடியே கேட்டாள்: "எதுக்கு மொதலாளி, கடலு பாக்கதுக்கா? எங்க வீட்டு வாசல்லயே கெடக்கே. நாங்க அத விட்டுட்டுல்லா இங்க வந்திருக்கோம்."

மாரப்பன், "அங்கெல்லாம் கடலு வேறம்மா" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஆனால் கடல் வீடு வாங்க வேண்டுமென்றால் ஊத்துக்குளித் தோட்டத்தை விற்க வேண்டும். இங்கேதான் சிரிப்பு நிற்கிறது. அந்தத் தோட்டம் குழந்தையம்மாளுக்கு அவள் அப்பன் எழுதிவைத்தது. நாலு ஏக்கர், ஒரு கிணறு, அவர்கள் குடியிருக்கும் வீடு, ஒன்பது எருமை. விடிகாலையில் கறந்து, தயிர் கடைந்து, ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று கடைக்காரர்களையே திட்டி விற்பவள் அவள். விற்றால் அவளுக்கு மிஞ்சுவது அந்த ஏழாவது மாடி ஜன்னல்தான்.

"அங்க போயி நான் என்னத்தைங்க பண்றது? கடலைக் கறக்க முடியுமாங்க?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அதற்குமேல் பேசவில்லை.

மாரப்பன் அதற்குமேல் நிறையப் பேசினார். "சொந்தக்காரத் தொல்லை இல்லாத எடமா வேணுமுங்க மாமா. காதுகுத்து, சீரு, எழவு, பஞ்சாயத்து, ஒண்ணுமில்லாம கடைசி காலத்தை ஓட்டோணும்" என்று என்னிடம் சொன்னார். நியாயம்தான். ஆனால் எங்கள் சாதிசனத்தில் ஒரு பழக்கம்: ஒரு தையல் மெஷின் வாங்குவதானாலும் மச்சான் ஒருவர், பங்காளி ஒருவர் வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் மனசு ஒப்பும். ஆகவே சொந்தங்களை விட்டு ஓடுவதற்கான வீட்டின் படத்தைச் சொந்தங்களுக்கெல்லாம் காட்டி அபிப்பிராயம் கேட்டார். அபிப்பிராயம் நன்றாகவே வந்தது. அதே மாடியில் பக்கத்து வீட்டுக்கு மச்சான் மகுடேஸ்வரன் பேர் கொடுத்தார். அதற்குப் பக்கத்துக்குச் சம்பந்தி. எதிர்வீட்டுக்கு மயில்சாமி; வண்டித்தடத் தகராறில் பன்னிரண்டு வருஷமாக மாரப்பனோடு பேசாத சொந்தப் பங்காளி. நாலு மாசத்தில் ஏழாவது மாடி முழுக்க எங்கள் ஆட்கள். கடலைப் பார்த்து ஒரு ஜன்னல், மயில்சாமியைப் பார்த்து ஒரு கதவு. இதைவிடச் சொர்க்கம் உண்டா?

அப்போதும் அவர் பின்வாங்கவில்லை. எப்படிப் பின்வாங்குவார்? தடுக்கத்தான் வீட்டில் ஆள் இருக்கிறதே. "எல்லாம் ரெடிங்க. அவதான் கையெழுத்துப் போடமாட்டீங்கறா" என்று ஊரெல்லாம் சொல்லி வந்தார். போடமாட்டேன் என்று குழந்தையம்மாள் சொல்லி நான் கேட்டதில்லை.

தாராபுரத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் தோட்டத்தை வாங்க ஒத்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்திரம் எழுதும் கந்தவேலின் கடையில் ஒப்பந்தம். சாட்சிக்கு நான். கந்தவேல் படித்து முடித்துப் பேனாவை நீட்டினார். மாரப்பன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அவ போடமாட்டாளுங்க. எனக்குத் தெரியும். என்ற தலையெழுத்து."

குழந்தையம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"குடுங்க. எங்கீங்க போடோணும்?"

கந்தவேல் இடத்தைக் காட்டினார். மாரப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஏம்புள்ள, முழுசாக் கேட்டயா?"

"கேட்டனுங்க."

"ராகு காலம் வந்துருச்சாட்ட இருக்குது?"

"அது பத்தரைக்கு மேலதானுங்க. இப்பத்தான் பத்து" என்றார் கந்தவேல்.

"கண்ணாடி கொண்டாந்தயா? எழுத்துத் தெரியோணுமல்லொ?"

"என்ற பேர எழுத எனக்கெதுக்குங்க கண்ணாடி?" என்று சொல்லி, குனிந்து, முதல் எழுத்தை எழுதியேவிட்டாள்.

"இரு புள்ள!" மாரப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "அந்த... அந்த எருமைக் கெடாரி சினையா இருக்குதல்லொ! வாயில்லா சீவன இப்பப் போயி எப்புடிங்க வண்டியேத்தறது? பாவம் புடிக்குமுங்க மாமா!"

தொழுவத்துப் பக்கம் போனால் துண்டால் மூக்கைப் பொத்துகிறவர் இவர். ஒன்பது எருமையில் எது சினை என்று இவருக்கு எப்போது தெரிந்தது?

"எருமை எனக்கு வேண்டாமுங்க. நெலம் மட்டும் போதும். நீங்களே ஓட்டிக்குங்க" என்றார் தாராபுரத்துக்காரர்.

"எங்கீங்க ஓட்டறது, ஏழாவது மாடிக்கா?" என்று அவர்மேல் பாய்ந்துவிட்டு, மாரப்பன் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

குழந்தையம்மாள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் என்னிடம் சொன்னாள்.

"நல்லவேளைங்க பெரியப்பா. அவரு இன்னுங் கொஞ்சம் பேசாம இருந்திருந்தா, போட்டுக் குடுத்துட்டுத்தான் வந்திருப்பேன். அப்பன் குடுத்த மண்ணு போயிருக்கும்."

"அப்பறம் எதுக்குக் கண்ணு இந்த வம்பு? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, சாகற வரைக்கும் என்னாலதான் கெட்டுதும்பாரு."

இப்போது மாரப்பன் ஊரில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார், தெரியுமா? அதையேதான். "நான் இந்நேரம் கடலோரத்துல இருக்க வேண்டியவனுங்க. ஊட்டுல விடலை." குழந்தையம்மாள் காதில் விழும். "ஆமாங்க, நான்தான் விடலை" என்று சொல்லி, வந்தவர்களுக்கு மோர் கொடுப்பாள். அந்த ஏழாவது மாடியில் எங்கள் ஆட்களில் ஒருவரும் குடியேறவில்லை. விசாரித்துப் பார்த்தேன். ஒருவரையும் ஊட்டில் விடவில்லையாம். மயில்சாமி சம்சாரம் செத்து மூன்று வருஷமாகிறது. அவரை மருமகள் விடவில்லையாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாய்லாந்துக்கு நீங்கள் போனதில்லை, பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. நல்லது. ஆனால் எங்கேயாவது ஒரு மலையடிவாரமோ, ஓர் ஆற்றங்கரையோ, பேரன் இருக்கும் சீமையோ வைத்திருப்பீர்களே, 'நான் பாட்டுக்கு அங்கே போய் நிம்மதியாக இருந்திருப்பேன்' என்று சொல்வதற்கு? உங்களைப் போகவிடாதவர் என்று வீட்டில் ஒருவரையும் காட்டுவீர்களே? அவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். போகட்டுமா என்று மட்டும் ஒருபோதும் கேட்டுவிடாதீர்கள். சரி என்று சொல்லித் தொலைத்தால் என்ன செய்வீர்கள்?