இன்னும் கொஞ்சம் விசாரிக்கணும்

மருந்து கொடுக்கிறவர்கள் ஓர் இனம், சாப்பிடுகிறவர்கள் ஓர் இனம். இரண்டிலும் சேராமல், மருந்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. விசாரிப்பாளர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல பெயர் தோன்றினால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் யாராவது நன்றாக இருக்கிறார்களா என்று மட்டும் கேட்பார்.

தாணே லோக்கலில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பார். நீங்கள் லேசாக இருமியதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எத்தனை நாளாக, யாரிடம் காட்டினீர்கள், என்ன கொடுத்தார், குடித்ததும் நின்றதா, நின்றது திரும்ப வந்ததா என்று குர்லாவில் ஆரம்பித்து முலுண்ட் வரைக்கும் குடைவார். ஒருவருக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டால் நீங்களும் நானும் 'ஐயோ பாவம்' என்போம். அவர் முகம் மலர்ந்துவிடும். ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போவார், நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து அதைத் தானே உரித்துத் தின்றுகொண்டு, தையல் எவ்வளவு நீளம் என்று கேட்பார். துக்க வீட்டில் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன ஊசிப்பா போட்டாங்க?" என்று கேட்ட ஆளை நானே பார்த்திருக்கிறேன். நல்லவர்தான். கல்நெஞ்சம் கிடையாது. தகவல் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தாராவிக்கு வாய்த்தவர் கலீலுல்லா பாய். தொண்ணூறடி ரோட்டை ஒட்டித் தோல்பைப் பட்டறை வைத்திருக்கிறார். தொழிலில் படு சூரர். தோலை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், அடுத்த நிமிஷம் விலை முடிந்து தோல் தரையில் விரிந்து கிடக்கும். அதே மனுஷர் ஒரு தலைவலி மாத்திரை வாங்க வேண்டுமானால் முதலில் தாராவி முழுக்கத் தலைவலி வந்தவர்களைத் தேடிக்கொண்டு போவார். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது நானும் ஒரு சாட்சியாக நின்றேன். மூன்று நாள் என்னைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க கணக்குல வர மாட்டிய. ஒங்க உடம்பு வாகு அப்படி, ஆபரேஷன் பண்ணலேன்னாலும் நல்லாத்தான் இருப்பிய" என்று தள்ளுபடி செய்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. வயிற்றைக் கிழித்தவனுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் எண்பத்தைந்தாம் வருஷம் அவர் மனைவி சைனப்புக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. டாக்டர் பார்த்தார், முத்திவிட்டது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது விசாரணை.

"டாக்டரே சொல்லிட்டாரே பாய்?" என்றேன்.

"டாக்டர் சொல்லத்தான் செய்வாரு. துணிக்கடைல போயி எனக்குச் சட்டை வேணுமான்னு கேட்டா வேண்டாம்னா சொல்லுவான்? நாம நாலு எடத்துல விசாரிக்கணும்."

நாலு இடமா? மாட்டுங்காவில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட ரிட்டயர்டு ஹெட்கிளார்க்கைப் பிடித்தார். பேஷாகத் தெரிகிறது என்றார் அவர். "பென்ஷன்காரரு, வீட்டுக்குள்ள உக்காந்திருக்காரு. அவருக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன" என்று அவரைக் கழித்தார். செம்பூர் ஜெயினுலாப்தீனுக்கு ஜோராகத் தெரிந்தது. ஆனால் அவருக்கு டாக்டர் மச்சான் முறை. சொந்தக்காரன் சாட்சி செல்லாது. ஊரில் செய்துகொண்டவர்கள் சேர மாட்டார்கள், ஏனென்றால் நம்மூர்த் தண்ணீர் வேறு, பம்பாய்த் தண்ணீர் வேறு. இப்போதுதான் செய்துகொண்டவர் நன்றாக இருக்கிறது என்றால், ஒரு மழைக்காலம் கழியட்டும். போன வருஷம் செய்தவர் நன்றாக இருக்கிறது என்றால், அது போன வருஷம், அப்போது டாக்டருக்குக் கை நடுங்காது. கெட்டுப்போனவர் யாராவது வந்து அழுதால், "நீரு கருவாடு தின்னுருப்பீரு வே." பெண்களை அவர் கேட்கவே இல்லை. அவர்கள் சும்மாவே நல்லாயிருக்கு என்று சொல்லிவிடுவார்களாம். ஆபரேஷன் யாருக்கு? பெண்ணுக்கு. ஒரு பெண்ணையாவது ஒரு வார்த்தை கேட்டாரா?

இப்படிச் சலித்துச் சலித்து, கடைசியில் சல்லடையில் ஒன்றும் தங்கவில்லை. "பாத்தியளா, ஒரு சாட்சிகூட உருப்படியா இல்ல. இன்னும் கொஞ்சம் விசாரிக்கணும்" என்று பெருமையாகச் சொல்வார்.

வீட்டில் நடந்தது வேறு. டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது. சோற்றில் கல் கிடந்தது. அதைக் கடித்துப் பாய்க்கு ஒரு கடைவாய்ப்பல் போனது, அதைக் கட்டலாமா வேண்டாமா என்று அவர் தனியாக ஒரு விசாரணையைத் தொடங்கினார். இது வரைக்கும் வேடிக்கை. கடைத்தெருவில் கூடப்பிறந்த தங்கை ஆபிதா எதிரே வந்தும் சைனப்புக்குத் தெரியவில்லை. 'பணம் வந்ததும் அக்காவுக்குக் கண்ணு தெரியல' என்று அவள் ஊரெல்லாம் சொல்ல, சைனப் என் மனைவி செண்பகவல்லியின் மடியில் விழுந்து அழுதார். அடுத்த வாரம் ஸ்டவ்வைப் பற்றவைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். முழுக்க இருட்டிப் போவதற்குள் இந்த மனுஷர் விசாரித்து முடிப்பாரா? அந்த வீட்டில் பதில் தெரியவேண்டிய கேள்வி அது ஒன்றுதான், அதை மட்டும் அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.

சாட்சிகள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பலர் மனைவியோடு வந்தார்கள். முன்னறையில் பாய் துருவித் துருவிக் கேட்பார். எல்லாரும் உப்பு டீயைக் குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சைனப் ஊசியும் நூலும் நீட்டுவார்.

"பை உள்துணி தைக்கணும். எனக்குத் தெரிய மாட்டேங்கு. இதக் கொஞ்சம் கோத்துக் குடுத்துட்டுப் போங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பாவம் என்று எல்லாரும் வாங்கிக் கோத்துப் பார்ப்பார்கள். நானும் பாவம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பாய் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். தாணேயில் ஒருவர் இருக்கிறாராம். ஒரு கண்ணை ஒரு டாக்டரிடமும், மறு கண்ணை வேறு டாக்டரிடமும் செய்துகொண்டவராம். "ஒரே ஆளு, ஒரே சாப்பாடு, ஒரே தண்ணி, ரெண்டு டாக்டரு! இதுக்கு மேல சாட்சி ஏது அண்ணாச்சி?" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி அத்தர் பூசிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் சைனப் செண்பகவல்லியைக் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பை தயாராக இருந்தது, மகன் காசிம் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தான்.

"எந்த ஆஸ்பத்திரின்னு தெரியுமா மதினி?" என்றாள் என் மனைவி.

"தெரியாம என்ன? வந்தவங்கள்ள ஊசி கோத்தவங்க யாரு, கோக்க முடியாதவங்க யாருன்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். கோக்க முடியாதவங்க பூராப் பேரும் ஒரே கண்ணு முகாம்ல போயிச் செஞ்சவங்க. பெரிய ஆஸ்பத்திரில செஞ்சவங்க கோத்துட்டாங்க. ஒண்ணு ரெண்டு பேருக்கு ஆகல, இல்லேங்கல. புருஷனோட வந்த நூர் நிஷாவும் அங்க செஞ்சவதான், முத தடவையே கோத்துட்டா, அதுவும் பேசிக்கிட்டே."

அன்று இரவு தாணேயிலேயே தங்கிவிட்டதால், மறுநாள் காலையில் திரும்பியதும்தான் பாய்க்கு விஷயம் தெரிந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "நிறுத்தச் சொல்லணும் அண்ணாச்சி! தாணேக்காரரு ரெண்டு கண்ணும் ஒண்ணுபோலத்தான் இருக்குங்காரு, அதுல ஏதோ கோளாறு இருக்கு. இன்னும் கொஞ்சம் விசாரிக்கணும்!" என்று வழியெல்லாம் புலம்பல். டாக்ஸிக்காரன்கூட, "க்யா ஹுவா சேட்?" என்று திரும்பிப் பார்த்தான். பேச்சில் எகிறினாலும் இடையிடையே கண்ணை மூடி அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டார். பயம்தான் ஐயா, வேறென்ன? இத்தனை நாள் விசாரித்ததும் அந்தப் பயம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வார்டு வாசலில் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், எல்லாக் கட்டிலிலும் கண்ணில் கட்டுப் போட்ட ஆட்கள். ஓட முடியாத சாட்சிகள்! அவருக்கு வந்த காரியம் மறந்தது. முதல் கட்டிலில் குனிந்தார். "எப்பப் பண்ணினாங்க? வலிச்சுதா? தும்மலாமா?" இரண்டாவது கட்டில். மூன்றாவது கட்டில். மராட்டிக்காரர் ஒருவரிடம் அரைகுறை இந்தியில், "தர்த் ஹுவா க்யா?" என்று ஆரம்பித்தபோது பின்னால் "ஹட்டோ, ஹட்டோ" என்று வார்டுபாய் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நம்ம கலீலுல்லா பாய் திரும்பிப் பார்க்காமலே மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

வண்டியில் படுத்திருந்தவர் சைனப். கூடவே நடந்த செண்பகவல்லியின் கையைப் பிடித்திருந்தார். கண் தெரியாவிட்டாலும் குரல் தெரியாதா? சிரித்துக்கொண்டே உதட்டில் விரலை வைத்தார். நான் வாயைத் திறப்பேனா? வண்டி தியேட்டருக்குள் போகும் வரைக்கும், மராட்டிக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று பாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

கட்டுப் பிரித்து, புண் ஆறி, சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. அதை மாட்டிக்கொண்டு சைனப் முதலில் கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க, தாடி பூரா வெள்ளையாயிட்டு? இது எப்பம்?"

"அத விடு. நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"பக்காவா?"

"நா சொன்னா நீங்க எடுத்துக்க மாட்டியளே. சொந்தக்காரங்க சாட்சி செல்லாதுல்லா? அதுலயும் நான் பொம்பள. ஒரு மழைக்காலம் வேற கழியணும்." ஊசியை எடுத்து, பேசிக்கொண்டே கோத்து, அவர் சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தானைப் பிடித்தார். "அசையாம நில்லுங்க. வேணும்னா போயி இன்னும் கொஞ்சம் விசாரிச்சுட்டு வாங்க."

பாய் அசையாமல் நின்றார். கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொண்டு, தனக்கும் இப்போதெல்லாம் இடது கண் கொஞ்சம் மங்கல்தான் என்றார். மறுநாளே விசாரணை தொடங்கிவிட்டது என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். படித்தவர், டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்கிறவர். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டே வந்தபோது, 'அது எந்த முகாம்? அந்தப் பெரிய ஆஸ்பத்திரி எது? டாக்டர் பேர் என்ன?' என்று மனசு ஒரு தடவையாவது கேட்டதா இல்லையா? கேட்டதென்றால் கூச்சப்படாமல் தாராவிக்கு வாருங்கள். பாய் பட்டறையில் அவருக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் காலியாக இருக்கிறது. டீயில் இப்போது சர்க்கரைதான் போடுகிறார்கள்.