மாதா வீட்டுக்கு வந்த அன்று நான் வாசித்த கடவுச்சொல்

குடும்பத்தில் ஒருவர் கணினி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவிட்டால் போதும். அன்றிலிருந்து அந்த வீட்டில் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. கிரைண்டர் சுற்றாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் மோட்டர் இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். மன்னார் பட்டினத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நடந்த வகுப்பில் படித்து நான் வாங்கிய சான்றிதழை அம்மா சட்டம் போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உண்மையில் அந்த வகுப்பில் நான் கற்றது எழுத்தைத் தடிப்பாக்குவது, சரிப்பது, அடிக்கோடு போடுவது, அவ்வளவுதான். (ஆசிரியருக்கும் அதற்கு மேல் தெரிந்திருந்ததாக நினைவில்லை.) ஆனால் கும்பிடுகிற சனத்திடம் போய் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டுக்கு வைபை எடுத்துத் தந்தவர் என் அண்ணன் அன்ரன். அவர் நோர்வேக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்பு அது நடந்தது. கடவுச்சொல்லைத் தானே போட்டார், வீட்டுக் கணினியிலும் அம்மாவின் போனிலும் தானே தட்டிவிட்டார், வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

"உனக்குச் சொன்னா நீ ஊருக்கே சொல்லிப்போடுவாய்," என்றார். "பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சுதெண்டா கீரி ஊர் முழுக்க எங்கட மதிலிலதான் குந்தியிருக்கும்."

பக்கத்து வீடு என்றால் பிலோமினா மாமி. எங்கள் வட்டாரத்தில் செபம் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. மாமி குரல் கொடுத்தால் கடற்கரை வரைக்கும் கேட்கும். மாமியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அதுவும் கடற்கரை வரைக்கும் போய்ச் சேரும். மற்றபடி தங்கமான மனுசி.

அண்ணன் போன பிறகு அவருக்கு அங்கே நிரந்தரமாக இருக்கிற அனுமதி கிடைக்காமல் இழுபட்டது. அம்மா அழுதழுது ஒரு நேர்த்தி வைத்தார். அண்ணனுக்கு அனுமதி கிடைத்தால், மாதா எங்கள் வீட்டுக்கு வருகிற அன்று செபமாலையின் முடிவில் வரும் பிரார்த்தனையை அண்ணனே தன் வாயால் சொல்லுவார் என்பதுதான் அந்த நேர்த்தி. செபமாலை மாதத்தில் மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள்தான். அடுத்த நாள் பின்னேரம் பாட்டுப் பாடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தவறவிட்டால் பிறகு அடுத்த வருசம்தான்.

கடைசியில் அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் வேலையில் லீவு கிடைக்கவில்லை. அம்மா பங்குச் சுவாமியிடம் ஓடினார். போனில் முகம் தெரியச் சொன்னாலும் நேர்த்தி நேர்த்திதான் என்று சுவாமி சொல்லிவிட்டார். அண்ணனுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை (கடலை விட்டு ஓடிப்போனாலும் மீன் அவரை விடவில்லை). போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இடைவேளைக்கு வெளியில் வரும்போது அழைப்பார், அப்போது பிரார்த்தனை சொல்லுவார் என்று முடிவாகியது.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. அன்று மத்தியானம் அம்மா மாதாவை வைக்கப்போகிற மேசைக்குப் பூ அலங்காரம் செய்யும்போது, அவருடைய போன் பூக்கள் ஊறிக்கொண்டிருந்த வாளிக்குள் விழுந்து சீவனை விட்டது.

அண்ணன் அப்போது வேலைக்குள் போய்விட்டார். என் தங்கச்சி டிலானியின் போன் இருந்தது, இடைவேளைக்கு அதற்கு அழைக்கச் சொல்லி அண்ணனுக்குச் செய்தியும் போட்டாள், ஆனால் அதில் வைபை இல்லை. டேட்டாவில் கதைத்தால் எங்கள் வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல்தான் வரும். முகமெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து, கதைக்கிறவர் அண்ணனா, தரையில் ஒழுங்காகப் பதிக்காத மாபிள் கல்லா என்று தெரியாது. கணினியில் கமரா இல்லை.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பாஸ்வேட்டை எடுக்கலாமோ?"

"கொம்பியூட்டருக்குள்ள கிடக்குது அம்மா. சின்ன வேலை. நீங்க பூவைக் கட்டுங்கோ," என்றேன்.

சின்ன வேலை என்று சொன்ன அந்த வாயை என்ன செய்யலாம் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. எனக்கு அது எங்கே கிடக்கிறதென்றே தெரியாது. சின்ன வேலைதானே என்று பின்னேரம் குளித்து, சட்டை மாற்றி, கதிரைகள் எல்லாம் அடுக்கிவிட்டு, மாதா வந்து செபமாலை தொடங்கிய பிறகுதான் போய்க் கணினிக்கு முன்னால் இருந்தேன்.

அதைத் திறப்பதே ஒரு சடங்கு. அம்மா பூவேலை செய்த துணியால் போர்த்து வைத்திருப்பார். போர்வையை எடுத்து ஆளியைப் போட்டால், வயதானவர் கட்டிலில் இருந்து எழும்புவது போல முனகிக்கொண்டு எழும்பும். அது எழும்பி முடிய வெளியில் செபமாலையின் ஐந்து பத்து மணிகளில் முதல் பத்து முடிந்துவிட்டது.

முதலில் ஊகித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தங்கச்சியின் போனை வாங்கி அம்மாவின் பெயரைத் தட்டினேன். பிழை. அப்பாவின் வள்ளத்தின் பெயர். பிழை. அந்தோனியார், செபஸ்தியார், மடுமாதா. எல்லாம் பிழை. அண்ணன் பள்ளிக்கூடத்தில் விரும்பிய பெட்டையின் பெயரையும் தட்டிப் பார்த்தேன். (அதுவும் பிழை என்றதும் ஏனோ கொஞ்சம் கவலையாக இருந்தது.) டிலானி போனைப் பறித்துக்கொண்டு முன்னுக்குப் போய், மாதாவுக்கு எதிரே ஒரு கதிரையின் முதுகில் சரட்டால் கட்டி நிறுத்திவிட்டாள்.

பிறகு கணினியிடமே கேட்டேன். இணையத்தில் யாரோ ஒருவர் ஹிந்தியில் விளக்கிய காணொளி ஒன்று வந்தது. செபம் நடப்பதால் சத்தத்தை நிறுத்திவிட்டு, அவருடைய அம்புக்குறி எங்கே போகிறதோ அங்கேயெல்லாம் என் அம்புக்குறியையும் கொண்டுபோனேன். நடுவில் அம்மா திரைச்சீலையை விலக்கி வந்தார்.

"அம்பிட்டுதோ?"

"வருது அம்மா."

"அவன்ர இடைவேளை வந்திடுமடா. நான் மாதாவுக்கு என்ன சொல்லுவன்?"

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. நான் கெட்டிக்காரனில்லை என்று ஊர் அறிவது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மனுசி இத்தனை வருசமாகக் கேட்டு வாங்கியதை நான் என் வாய்வீச்சால் கெடுக்கப்போகிறேன் என்று நினைத்து, காணொளியைத் திரும்பவும் முதலில் இருந்து ஓட்டினேன்.

ஐந்தாவது பத்து மணியும் முடிந்தது. வெளியில் பிலோமினா மாமி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி அன்ரன் வரும்வரைக்கும் நான் தொடங்கிறன்," என்று பிரார்த்தனையைத் தொடங்கினார். அவர் மாதாவின் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, சனம் ஒரே குரலில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னது. விறாந்தை, முற்றம், படலை எல்லாம் ஆட்கள். முற்றத்தில் இருப்பவர்களுக்காகப் பெரிய பெட்டி ஸ்பீக்கர் வேறு.

அந்த நேரம் நான் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அழுத்த, கறுப்புப் புள்ளிகளாக இருந்தது முழுக்க எழுத்துகளாக மாறியது. சந்தோசத்தில் எனக்கு எழுத்துத்தான் தெரிந்தது, சொல் தெரியவில்லை.

நான் திரைச்சீலைக்கு வெளியே கையை நீட்டி டிலானியைப் பார்த்து ஆட்டினேன். எங்கள் பக்கத்துச் செபத்தில், யாராவது கையை நீட்டினால் அடுத்த பகுதியைச் சொல்ல அவருக்கு ஆசை என்று அர்த்தம். ஒயர் இல்லாத மைக் கைக்குக் கை மாறி அவரிடம் போய்விடும். மாமி சொல்வதை நிறுத்தினார், மைக் அப்படியே கை கையாக வந்து என் உள்ளங்கையில் இருந்தது.

ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோய் டிலானியிடம் கொடுத்திருக்கலாம். இந்த யோசனை எனக்கு வந்தது அடுத்த நாள் காலை பல் தீட்டும்போது. அந்த நேரம், மாதாவே தங்கச்சிக்குக் கேட்கட்டும் என்று மைக் அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கணினித் திரையில் கண்ணை வைத்துக்கொண்டு, ஆறுதலாக, தெளிவாக வாசித்தேன்.

"பீ."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது சனம்.

கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள். மைக்கில் எது வந்தாலும் பதில் சொல்லிப் பழகிய வாய். நானும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழுத்துத் தவறிவிடும்.

"ஐ."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"எல்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

இப்படியே ஓ, எம், ஐ, என், ஏ என்று போனது. ஒரு ராகமே வந்துவிட்டது. டிலானி தட்டிக்கொண்டே தானும் பதில் சொன்னாள். பெரியவர்கள் இது ஏதோ புதிதாக வந்த பிரார்த்தனை என்று நினைத்தார்களாம். ஒரு மாமா நெஞ்சில் கைவைத்து உருகினாராம். சின்ன ஆட்களுக்கு மட்டும் முதல் எழுத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. முற்றத்தில் சட்டைப் பைகளில் இருந்த போன்கள் எல்லாம் சத்தமில்லாமல் வெளியில் வந்தன. வீ, யூ, கே, கே, யூ. அங்கே பதில் சொல்லுகிற சனத்தின் குரலில் ஒரு குரல் குறைந்தது. கடற்கரை வரைக்கும் கேட்கிற குரல் குறைந்தால் தெரியும்தானே. நான் அதைக்கூடக் கவனிக்காமல் எஸ், ஓ, எல், எல், ஏ, ரீ, எச், ஈ என்று முடித்தேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"அவ்வளவுதான்," என்றேன் மைக்கில்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெற்றிவீரனாக வெளியில் வந்தேன். முன்வரிசையில் பிலோமினா மாமி மடியில் செபப்புத்தகத்தை வைத்து, அதற்கு மேல் தன் போனை வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியும் தட்டியிருக்கிறார். தட்டியதை ஒருதரம் மெல்லிய குரலில் கூட்டி வாசித்தார்.

"பிலோமினாவுக்குச் சொல்லாதே."

நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடினார். அப்பா எழுந்து, காற்று எப்படி அடிக்கிறதென்று பார்ப்பவர் போல வெளியில் போனார். படலையில் நின்ற தெருக்கழுதை மட்டும்தான் அந்த நேரம் சாதாரணமாக நின்றது.

அப்போது டிலானியின் போன் அடித்தது.

அண்ணன் முகம் வந்தது. தலையில் வலைத் தொப்பி, வெள்ளை மேலங்கி, பின்னால் பனி மூடிய ஒரு யன்னல். "அம்மா" என்றார். அம்மா கதிரைக்கு முன்னால் ஓடிப்போய் முழங்காலில் இருந்தார். அண்ணன் பிரார்த்தனையைத் தொடங்க வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ஒரு கண் பாதி மூடி, மற்றக் கண் மேலே பார்த்தபடி. முற்றத்தில் இருந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டது. கீரி முழுக்க எங்கள் வைபையில் குந்தியிருந்தது.

"மகன்? மகன்?" என்று அம்மா போனைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிட்டார். நான் செத்தே போயிருக்கலாம் என்று நினைத்தேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பிலோமினா மாமி எழுந்தார். என்னிடம் வந்து மைக்கைப் பறித்தார். இனி ஏச்சு விழப்போகிறது என்று நான் கண்ணை மூடினேன்.

"இந்த வீட்டு வைபைல ஏறி நிக்கிற அவ்வளவு பேரும் இப்பவே இறங்குங்கோ," என்றார் மாமி. "பிள்ளை தாயின்ர நேர்த்திக்குப் பிரார்த்தனை சொல்லப்போறான். ஆர்ர போன் முனகினாலும் மாதாவுக்கு முன்னால பெயர் சொல்லிக் கூப்பிடுவன். முதல் ஆளா நான் இறங்கிறன்." தன் போனை நிறுத்தி, எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

முற்றத்தில் போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கிரிக்கெட் நின்றது. அண்ணனின் கண் மெல்ல முழுதாகத் திறந்தது, பிறகு வாய் அசைந்தது. முழுப் பிரார்த்தனையையும் சொல்லி முடித்தார். அம்மாதான் எல்லாரிலும் சத்தமாகப் பதில் சொன்னார். அன்று அம்மாவின் குரல் மாமியின் குரலை வென்றது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். (பாதி அழுகை பக்தியில் வந்தது, மீதி தப்பிவிட்டேன் என்பதில்.)

பிரார்த்தனை முடிந்ததும் மாமி போனுக்கு முன்னால் குனிந்தார்.

"தம்பி அன்ரன், சுகமா இருக்கிறீரோ?"

"ஓம் மாமி. நீங்கள்?"

"எனக்கென்ன குறை. அது கிடக்கட்டும், உங்கட வீட்டுப் பாஸ்வேட் என்னெண்டு எனக்கொருக்காச் சொல்லுமன்."

அண்ணனின் முகம் அப்படியே நின்றது. வாய் பாதி திறந்தபடி, கண் இமைக்காமல். போன் திரும்பவும் உறைந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் அவருக்குப் பின்னால் வேறொரு வெள்ளை மேலங்கிக்காரர் கோப்பையுடன் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார். வைபை நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் தானாகவே உறைந்திருந்தார்.

முதலில் சிரித்தவர் மாமிதான். அதன் பிறகு வீடே சிரித்தது, மாதாவுக்கு முன்னால் இப்படிச் சிரிக்கலாமா என்று அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் சும்மா பாஸ்வேட் கேட்க முடியாது. முதல் எழுத்தைச் சொன்ன உடனேயே நாலு பேர் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். என் கல்யாண வீட்டில் சுவாமி என் முழுப்பெயரையும் வாசித்தபோதுகூடப் கோயிலின் பின்வரிசை வாங்கிலில் இருந்து அந்தப் பதில் வந்தது. என் மனைவிக்கு அங்கேயே கதையைச் சொல்லவேண்டியதாகிவிட்டது.

மாமி மன்னித்துவிட்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அடுத்த நாள் காலை வந்து கணினிக்கு முன்னால் இருந்தார். நான் கடவுச்சொல் மாற்றுகிற பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். "நீர் அங்கால திரும்பும்," என்று சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் நீளமாக ஏதோ தட்டினார். தட்டத் தட்டச் சிரித்தார். எங்கள் வீட்டுக் கடவுச்சொல் இன்றுவரை மாமிக்கு மட்டும்தான் தெரியும். விருந்தாளி வந்தால் அம்மா மதிலடியில் நின்று கூப்பிடுவார், மாமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனை வாங்கி, மறைத்து நின்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

அது எங்கள் கணினியிலும் சேமித்துத்தான் இருக்கிறது. எங்கே போய், எந்தக் கட்டத்தை அழுத்தினால் புள்ளிகள் எழுத்தாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பலமுறை அந்தக் கட்டம் வரைக்கும் போயிருக்கிறேன். மாமி தட்டும்போது சிரித்த சிரிப்பு ஞாபகம் வரும், போர்வையை இழுத்துக் கணினியை மூடிவிட்டு வந்துவிடுவேன்.