சீசரைக் குத்திய நாளில் என் மகளின் கலியாணம்

லா சப்பல், பாரிஸ்.

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இங்கு எல்லோரும் உடம்பளவில் சுகம். மனதளவில் என்னைத் தவிர. உங்களையும் அக்காவையும் சந்நிதி முருகன் காப்பாற்றட்டும்.

நீங்கள் சுன்னாகத்துச் சாத்திரியாரிடம் நடையாய் நடந்து, சுபாங்கியின் கலியாணத்துக்கு மார்ச் பதினைந்து என்று நாள் எடுத்து அனுப்பினீர்களல்லவா? அந்த நாளால் நான் படும் பாட்டைக் கேளுங்கள். போன மாதம் மாப்பிள்ளையின் தாய் மரி-கிளேர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பிரெஞ்சுக்காரி, பள்ளிக்கூடத்தில் இலத்தீன் படிப்பிக்கிறவர். என் மனைவி பூரணி கலியாண நாளைச் சொன்னதும் கையிலிருந்த வடையைக் கீழே வைத்து, "அட, சீசரைக் குத்திய நாள்!" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததோடு மறந்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு தேடிப் படித்தேன். உரோமர்கள் மாதத்தின் நடுநாளை 'ஈதுஸ்' என்பார்களாம். மார்ச்சில் அது பதினைந்தாம் திகதி. அந்த நாள் கழியும்வரை கவனம் என்று ஒரு குறிகாரன் சீசருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறான். மனிதர் கேட்கவில்லை. சபைக்குப் போனார், கூட இருந்தவர்களே குத்திக் கொன்றுவிட்டார்கள். சாத்திரம் சொன்னவனின் பேச்சைக் கேட்காமல் வெளிக்கிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும், அத்தான்?

சாத்திரியாருக்குத் தொலைபேசி எடுத்தேன். "உரோமாபுரி என்ரை கணக்கிலை வராது தம்பி" என்று வைத்துவிட்டார். நான் சத்தம் போடாமல் பாரிசுக்குப் பக்கத்து ஊரான பொண்டியில் கலியாண மண்டபக்காரரிடம் வேறு நாள் கேட்டேன். அவர் சுபாங்கியிடம் சொல்லிவிட்டார். வேலையால் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, உங்களுக்கு என்னைவிட எப்பவோ செத்த மனிசன் பெரிசோ?" என்று கேட்டாள். மிச்சத்தைப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். பிறகு என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். ஒரே பிள்ளை. அவள் பேசாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை, அத்தான். பூரணியும், "சும்மா கிடந்த சீசரை ஏன் வீட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று தன் பங்குக்குக் கேட்டாள்.

வேறு வழியில்லாமல் மரி-கிளேர் வீட்டுக்கே போனேன். பாவம், தன் பகிடியால் வந்த வினையென்று பதறிப்போனார். சீசருக்கு முன்பு அது கெட்ட நாளே இல்லையாம். ஆதியில் பௌர்ணமி நாளாம், உரோமரின் பெரிய கடவுள் யுப்பித்தருக்கு உரியதாம். அன்று சனங்கள் ஆற்றங்கரையில் கூடி, குடித்த கோப்பைக்கு ஒரு வருட ஆயுள் என்று வாழ்த்திக்கொள்வார்களாம். யுப்பித்தர் என்றால் நமது வியாழன்! குருபகவானின் நாளையா நான் தள்ளிவைக்கப் பார்த்தேன்? வீட்டுக்கு வந்து, "பதினைந்துதான் பிள்ளை" என்றேன். "ஓம் அப்பா" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே பயணச்சீட்டை மாற்றாமல் வந்து சேருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமக்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
களைத்துப்போன மைத்துனன்
ஞானசுந்தரம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் மரி-கிளேர் வந்துவிட்டார். அவர் எனக்கு உரோமர் கதை சொன்ன நன்றிக்கு நானும் அன்று அவருக்கு ராகுகாலம், அட்டமி, நவமி, கரிநாள் எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். அன்றிலிருந்து மனுசிக்கு நித்திரையே இல்லையாம். அன்றைக்கும் ராகுகாலம் வருகிறதாம், பதினைந்து வேண்டவே வேண்டாமாம். ராகுகாலம் யாழ்ப்பாண நேரமா பாரிஸ் நேரமா என்று கேட்கிறார், எனக்கும் தெரியவில்லை. சாத்திரியாரிடம் உடனே வேறு நாள் கேட்டு அனுப்புங்கள். சுபாங்கி இப்போது எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. எனக்குப் பொருத்தமான சம்பந்தி கிடைத்துவிட்டார். பிள்ளைக்குத்தான் நாள் கிடைக்கவில்லை.