மாப்பிள்ளை வண்டியின் பிளீடர் நிப்பிள்

கையில் ஸ்பேனர் கிடைத்தால் சும்மா இருக்கத் தெரியாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் ஒரு சங்கம் வைத்தால் நான்தான் தலைவர்; போட்டியின்றித் தேர்வாவேன்.

தொண்ணூறுகளின் கடைசி. என் மகள் செல்வியும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளையும் கல்யாணமான புதிதில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார்கள். புத்தம்புது மோட்டார் சைக்கிள். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கும் வண்டியை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது. விளக்கு வைக்குமுன் இருவரும் அதில்தான் ஊர் திரும்ப வேண்டும்.

மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. வழியில் லாரி வருமே என்று கவலை. (லாரி வராவிட்டால் மாடு வரும். கவலைக்கு எனக்குப் பஞ்சமில்லை.) வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு நட்டாக எண்ணி எண்ணி இறுக்கினேன். பிரேக்கின் மேல், நடுவில் துளையுள்ள ஒரு சின்னத் திருகு. பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் அது. எனக்கோ அது லூசான போல்ட். மறுபக்கமிருந்து தலைகீழாகக் குனிந்ததில், இறுக்குவதாக நினைத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் சுற்றுகளை எண்ணினேன். எட்டாவது சுற்றில் அது துள்ளிச் சாக்கடைக்குள் போனது. பின்னாலேயே ஆயில் வழிந்தது. லீவரைப் பிடித்தேன், தொளதொளவென்று கைப்பிடிவரை வந்தது.

என் மனைவி சரசு வாசலுக்கு வந்தாள். "என்னங்க செஞ்சிய?"

"ஒண்ணுமில்ல. இறுக்குனேன்."

"இறுக்குனா கீழ விழுமா? பிள்ள இதுலதான போகணும்!"

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன்.

"எந்த வண்டிக்கு, அண்ணாச்சி? அளவு இருக்குல்லா?" என்றார் கடைக்காரர்.

"நடுத்தரமா ஒண்ணு குடுங்க" என்றேன். (செருப்பா வாங்கினேன்?)

வாங்கிவந்த நிப்பிள் ஓட்டைக்குள் ஆடியது. நான் நூல் மில்லில் வேலை பார்த்தவன். எங்கள் மில்லில் எந்தக் குழாய் ஒழுகினாலும் ஒரே வைத்தியம்தான்: நூல் சுற்றி முடுக்குவது. சுற்றினேன். ஆயில் ஊற்றி லீவரை அமுக்கினேன். ஆயில் நூலைத் தள்ளிக்கொண்டு வந்து என் வெள்ளைச் சட்டையில் பீய்ச்சியது.

"எம்புட்டு நூலு! பம்பரமா விடப் போறிய?" என்றாள் சரசு.

மறுபடி ஓடி, கடையில் இருந்த அத்தனை அளவிலும் ஒவ்வொன்று வாங்கினேன். நூல் பிசிறை ஊசியால் எடுத்துவிட்டு யோசித்தேன். எட்டுச் சுற்றில் கழன்றது, எட்டுச் சுற்றில்தானே ஏற வேண்டும்? புதிதாக வாங்கியதில் முதல் நிப்பிள் ஒன்றரைச் சுற்றில் முரண்டு பிடித்தது. பலவந்தம் செய்யவில்லை. அடுத்தது விரல்நுனிக்கே வழுக்கிக்கொண்டு ஏறி, சரியாக எட்டில் போய் உட்கார்ந்தது. (எதற்கெடுத்தாலும் எண்ணுகிறேன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் வரிசையில் வரவும்.)

இனி காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒருவர் லீவரை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுமுன் லீவரை விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். லீவருக்குச் சரசுவைக் கூப்பிட்டேன்.

"அமுக்கு! பிடி! நான் சொல்லாம விடாத!"

நிப்பிளில் மாட்டிய டியூப் வழியாகக் குமிழிகள் பாட்டிலுக்குள் வந்தன. மூடினேன். "விடு!" மறுபடி, "அமுக்கு! பிடி!"

எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். "என்ன சரசு, சண்டையா?"

"இல்லக்கா, பிரேக்கு!"

குமிழிகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எண்ண ஒன்றுமில்லை. நிப்பிளை மூடி லீவரைத் தொட்டேன். கல்! அப்படியே வீட்டுக்குள் பாய்ந்து மாப்பிள்ளையை எழுப்பி, காப்பியோடு கதையையும் கொடுத்தேன். (சாக்கடைப் பகுதியைச் சுருக்கிச் சொன்னேன்.) இருவரும் வெளியே வந்தோம்.

சரசு வியர்க்க வியர்க்க, இரண்டு கையாலும் லீவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"விடவா, வேண்டாமா?" என்றாள்.

மாப்பிள்ளை சிரித்து முடிக்கவே செத்த நேரமானது. பிறகு தெருமுனைவரை ஓட்டிப் போய், திரும்பி வேகமாக வந்து, என் முன்னால் ஆணி அடித்தாற்போல் நிறுத்தினார். "மாமா, ஷோரூம்ல எடுத்தப்பகூட இப்படிப் பிடிக்கல!"

தெருவே பார்த்தது. கறைபட்ட சட்டையோடு மார்பை நிமிர்த்தி நின்றேன். விளக்கு வைக்குமுன் போய்ச் சேர்ந்ததாகச் செல்வி எதிர்வீட்டுக்குப் போன் செய்து சொன்னாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது சரசுவிடம், "இந்த மனுஷனோட எப்படிக்கா இம்புட்டுக் காலம் குப்பை கொட்டுனீங்க?" என்று கேட்டால் போதும். பேரப்பிள்ளைகள்வரை பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

அவள் லீவர் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் நீட்டுவாள். "இவிய பிடின்னாவ, பிடிச்சேன். இன்னும் விடச் சொல்லல."