ராயப்பனைத் தூக்கிய விவகாரம்

வேலப்பன்சாவடி,
16-7-1991

மரியாதைக்குரிய சண்முகசுந்தரம் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகன் உத்தமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை. போலீஸ் தேடுகிறது. வேலூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக ஒரு தாய்மாமன் இருப்பதன் பலனை இதுவரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும்.

சேக்காட்டில் என் பக்கத்து வீட்டு ராயப்பனை உங்களுக்குத் தெரியும், போன பொங்கலுக்கு உங்களுக்கு பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தவன். பாடியில் ஒரு கம்பெனியில், தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மிஷினில் வேலை செய்கிறான். கை உள்ளே போனால் மிஷின் நின்றுவிட அதில் ஒரு தடுப்பு இருந்தது. அதனால் வேலை மெதுவாக நடக்கிறது என்று முதலாளி அதைக் கழற்றிவிட்டார். பிறகு வேலை வேகமாக நடந்தது. ராயப்பனின் வலது கையில் இரண்டு விரலும் வேகமாகப் போயின. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நானும் டெம்போ ஓட்டுகிற பாஸ்கரனும்தான். கம்பெனியிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம்கூட வரவில்லை.

அந்தத் துக்கத்தை மறக்க பாஸ்கரன் சனிக்கிழமை என்னை ஆவடியில் ஒரு சினிமாவுக்கு இழுத்துப்போனான். நண்பனைக் கொள்ளைக்கூட்டம் கடத்துகிறது, மற்ற நண்பர்கள் போய் மீட்கிறார்கள். அடியாட்கள் தார் டிரம்மில் விழுகிறார்கள், தியேட்டரே சிரிக்கிறது, யாருக்கும் விரல் போகவில்லை. வெளியே வந்ததிலிருந்து பாஸ்கரன் நடக்கும் விதமே மாறிவிட்டது. மறுநாள் காலை பூசை முடிந்து கோவிலிலிருந்து வந்த ராயப்பனின் மனைவி ஞானகுமாரி என் வாசலில் நின்று அழுதாள். "அண்ணா, அவரத் தூக்கிட்டாங்கண்ணா! கம்பெனில தூக்கிட்டாங்க! விடிகாலைல போன மனுசன் இன்னும் ஊட்டுக்கு வரல!" இதற்கு மேல் அழுகையில் ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள பாஸ்கரனும் விடவில்லை. "விரல் மேட்டர வெளிய சொல்லிடுவான்னு கடத்திட்டானுங்க மச்சான். ஏறு வண்டில" என்றான். ஞானகுமாரி வீட்டு மிளகாய்த்தூள் டப்பாவை நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு என்று பெயர்தான், கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. "லோடு ஏத்தணும்" என்று பாஸ்கரன் சொன்னதும் கேட்டிலிருந்த வாட்ச்மேன் அய்யாசாமி நம்பித் திறந்துவிட்டார். முதலாளி அறைக் கண்ணாடி வழியே பார்த்தால் ராயப்பன் கட்டுப்போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், இருபக்கமும் இரண்டு ஆட்கள். படத்தில் வந்த அதே காட்சி மாமா. பாஸ்கரன் கதவை எட்டி உதைத்தான். அது இழுத்துத் திறக்கிற கதவு. கண்ணாடி நொறுங்கியது, அவன் காலும் பிசகியது. நான் மிளகாய்த்தூளை வீசினேன். எதிரே டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாம் என் கண்ணுக்கே திரும்பி வந்தது. "டேய், வுடுங்கடா! நானாத்தான் வந்தேன்! நல்லாத்தான் கீறேன்!" என்று ராயப்பன் கத்தினான். சினிமாவிலும் முதுகில் கத்தி வைத்து அப்படித்தான் சொல்லச் சொல்வார்கள். ஆகவே கண் தெரியாத நானும் நடக்க முடியாத பாஸ்கரனுமாக அவனைத் தூக்கி டெம்போவில் போட்டோம்.

பாடி ஜங்ஷனில் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றபோது ராயப்பன் நல்ல கையால் பாஸ்கரனின் மண்டையில் அடித்தான்.

"அடிக்காத மாமே, காப்பாத்திட்டோம்! எவன்டா உன்னக் கடத்துனது?"

"நீங்கதான்டா!"

"தூக்கிட்டாங்கன்னு ஞானகுமாரி சொல்லுச்சே?"

"வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கடா, சோமாரி! ரெண்டு விரல் இல்லாதவன் எதுக்குன்னு தூக்கிட்டாங்க! அதப் பேசத்தான் போனேன். கெஞ்சிக் கூத்தாடி, பொட்டி ஒட்டுற எடத்துல ஒக்கார வெக்கறேன்னு இப்பத்தான் ஒத்துக்கினாரு. வாயத் தொறந்து சரின்னு சொல்றாரு, கண்ணாடி வியுது!"

பாஸ்கரன் அடிபட்ட மண்டையைத் தடவிக்கொண்டான். "படத்துல இப்டி வரலியே" என்றான். பின்னாலிருந்த லாரிக்காரன் எங்கள் மூவரின் தாயையும் விசாரித்தான்.

மாமா, ஒன்று சொல்கிறேன். கடத்தியிருந்தால் மீட்டிருப்போம். கடத்தினவனுக்கு ஒரு முகம் இருக்கும், ஒளித்துவைக்க ஒரு கொட்டகை இருக்கும். வேலையிலிருந்து தூக்கினால் எந்தக் கதவை உதைப்பது? இரண்டு விரலுக்கு வராத போலீஸ் ஒரு கண்ணாடிக் கதவுக்கு ஜீப்பில் வந்தது. அத்துமீறி நுழைந்தது, சேதம் விளைவித்தது, தொழிலாளியைக் கடத்தியது என்று எங்கள் இருவர் மீதும் புகார். நாங்கள் இப்போது ஒரு லாரி ஷெட்டின் பின்னால் இருக்கிறோம். பாஸ்கரனின் கால் பூசணிக்காய் போல இருக்கிறது. என் கண் இன்னும் எரிகிறது, எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

உங்கள் வக்கீலிடம் பேசி எங்களுக்கு முன்ஜாமீன் வாங்கித் தரவும். அத்தோடு விரலுக்காக அந்த முதலாளி மீது வழக்கும் போட வேண்டும். சாட்சிக்குக் கவலையில்லை. ராயப்பனே வந்து சொல்வான். "எது போனாலும் நான் உங்க பக்கம்தான்டா" என்று ஜங்ஷனில் இறங்கும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். நீங்கள் உடனே புறப்பட்டு வரவும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் பெண் சுசீலா பரீட்சையில் பாஸானதற்கு, ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து என் ஆசீர்வாதம். அம்மாவிடம், நான் ஓவர்டைமில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
உத்தமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் ஞானகுமாரி சோறு கொண்டுவந்தாள். எங்களை உள்ளே விட்டதற்காக அய்யாசாமியை அனுப்பிவிட்டு, அந்த வாட்ச்மேன் வேலையை ராயப்பனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதற்குப் பதிலாக, அவன் விரல் மிஷினில் போகவில்லை, நாங்கள் இழுத்துப் போட்டபோது டெம்போக் கதவில் சிக்கித்தான் போயிற்று என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். பேனா பிடிக்க முடியாததால், பத்தாவது படித்தவன் கைநாட்டு வைத்திருக்கிறான். "புள்ளைங்க கீதுண்ணா" என்றாள். நான் சாப்பிட்டேன். ஆகவே விரல் வழக்கு வேண்டாம். ராயப்பன் இப்போது எதிர்த்தரப்புச் சாட்சி. கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கும்போது அவனை ரொம்ப மடக்க வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லுங்கள் மாமா. உண்மையைச் சொல்லிவிட்டால் மறுபடி வேலை போய்விடும்.