ட்ரைவ்வேயில் நிற்கும் உம்முடைய கார்

ஸ்காபரோ,
ஆடி மாதக் கடைசியில் தொடங்கியது.

அன்புள்ள மைத்துனர் செல்வரட்ணம் அவர்களுக்கு, அத்தான் குலசிங்கம் எழுதிக்கொள்வது.

நான் சுகம். முழங்கால் இரண்டும் இதில் சேர்த்தி இல்லை. உம்முடைய சுகத்தை, கோயிலில் உம்மைக் கண்டவர்களிடம் கேட்டு அறிந்துகொள்கிறேன். நீர் இருக்கும் றிச்மண்ட் ஹில்லுக்கு அரை மணித்தியால ஓட்டம்தான், அதற்கு ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் என்று நீர் யோசிப்பீர். தொலைபேசி என்றால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவீர். கடிதத்தை எங்கே வைத்தாலும் அது வைத்த இடத்தில் கிடந்து முழுவதையும் சொல்லும். இது என்னுடைய சொந்தக் கையெழுத்து. அதன் விவரம் பின்னால் வரும்.

இக்கடிதத்தின் நோக்கம் உம்மிடம் ஓர் அனுமதி கேட்பது. இரண்டு கிழமைக்கென்று நீர் எங்கள் வீட்டு வாசல் ட்ரைவ்வேயில் விட்டுச் சென்ற உம்முடைய கறுப்பு லிங்கன் கார், ஆறு வருடமாக அதே இடத்தில் பத்திரமாக நிற்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். ஆறு வின்ரரிலும் எங்கள் காரின் ஸ்நோவைத் தள்ள முதல் அதன் ஸ்நோவைத்தான் தள்ளினேன். ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. நாலு சக்கரத்து மூடிகளை மட்டும் மகள் கௌசி நேற்றுக் கழற்றினாள்.

உம்முடைய மருமகள் கௌசிக்கு ஓர் ஆசை. அவள் கார்க் காப்புறுதி அலுவலகத்தில் இருப்பது உமக்குத் தெரியும். பதினாலு வருடமாக, காரை இடித்தவர்கள் எல்லாரும் தாங்கள் இடிக்கவில்லை என்று சொல்வதைக் காலையிலிருந்து பின்னேரம்வரை கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. பக்கத்து மேசையில் மேகன் என்றொரு வெள்ளைக்காரப் பெண். அவளுடைய ஊர் இங்கிருந்து இரண்டு மணித்தியால தூரம். அங்கே ஒவ்வொரு புரட்டாதியும் ஒரு கண்காட்சி நடக்கும், அதில் டெமொலிஷன் டேர்பி என்று ஒரு போட்டி. பழைய பெரிய கார்களைச் சேற்றில் இறக்கி, ஒன்றையொன்று வேண்டுமென்றே இடிப்பார்கள். கடைசிவரை அசைகிற கார்தான் வென்ற கார். "ஒருக்கா எண்டாலும், நான்தான் இடிச்சனான் எண்டு வாயாலை சொல்லோணும், அப்பா," என்றாள் கௌசி.

இதற்கு நீளமும் பாரமுமான கார்தான் வேண்டுமாம். சொல்லிவிட்டுக் குசினி ஜன்னலால் வெளியே பார்த்தாள். அது மாமாவின் கார், கேட்காமல் தொடக்கூடாது என்றேன்.

"மாமா ஆறு வருசமா இந்தப் பக்கம் வரேல்லை. இனி வருவாரே?"

"கார் நிண்டால் வருவான்," என்றேன்.

நான் எழுதிக் கேட்கிறேன், பதில் வரும்வரை பொறு என்றேன். ஓம் என்றாள். நான் ஒரு நாளைக்கு ஆறு வரிதான் எழுதுவேன் என்பதை அவள் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுத இரண்டு கிழமை சென்றுவிட்டது. அதற்குள் கண்ணாடிகள் போய்விட்டன. கழற்றினதைத் திரும்பப் போடலாம், ஆகவே அதற்கு அனுமதி தேவையில்லை என்பது கௌசியின் வாதம். பக்கக் கண்ணாடிகள் கழலவில்லை, நொறுங்கின. மூன்று நாள் குந்தியிருந்து கூட்டினேன். இன்னும் என் செருப்புக்குள்ளிருந்து வந்துகொண்டிருக்கின்றன. முன்கண்ணாடி முழுசாக வந்தது. அதை என் மிளகாய்க் கன்றுகளுக்கு மேலே சாய்த்து வைத்திருக்கிறேன், கன்றுகள் நன்றாகக் காய்க்கின்றன. நீர் கேட்டால் கழுவித் தருவேன்.

சனி ஞாயிறுகளில் மேகன் வந்துவிடுவாள். லைற்றுகளைக் கழற்று, பிளாஸ்ரிக்கைக் கழற்று, கார்ப்பெற்றை இழு என்று ஒரே சத்தம். "அங்கிள், இதைப் பிடி," என்று தமிழில் சொல்லப் பழகிவிட்டாள். "விடு" என்று சொல்ல ஒருத்தரும் பழக்கவில்லை. போன சனிக்கிழமை காரின் பொனற் மூடியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் உள்ளே போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள். எழுபத்தைந்து வயதில் நான் அதைத் தலையால் தாங்கிக்கொண்டு நின்றேன். தெருவால் போன ஒருவர் காரில் என்ன பிழை என்று கேட்டார். ஒரு பிழையும் இல்லை, அதுதான் பிரச்சினை என்றேன்.

இந்த வரியை உம்முடைய பின்சீற்றில் இருந்து எழுதுகிறேன். அது இப்போது கராஜுக்குள் சுவரோரம் கிடக்கிறது. களைத்துப்போனால் இதில்தான் இருப்பேன். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியிலிருந்து எங்களை நீர் இந்த வீட்டுக்கு ஏற்றிவந்த அன்று, உம்முடைய அக்கா யோகராணி சாமிப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த சீற். இதில் இருந்துகொண்டு எனக்குப் பொய் எழுத வரவில்லை. ஆகவே மற்ற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

யோகராணியின் மரண அறிவித்தலில், உடன்பிறந்தவர்கள் வரிசையில் மூன்று பேரின் பெயர் வந்தது. உம்முடைய பெயர் வரவில்லை. நான் வேண்டுமென்று விட்டேன் என்று நீர் நினைத்து, அன்றோடு இந்த வாசலை மிதிக்கவில்லை. பத்திரிகைக்காரர் விட்டுவிட்டார்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். இரண்டும் சரியில்லை. அச்சுக்குப் போக முதல், பிழை பார்க்கச் சொல்லி அந்தத் தாளை என்னிடம்தான் தந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். நான் கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழ்வரை ஆறுதலாகப் பார்த்து, எல்லாம் சரி என்றேன். மச்சான், எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஏழு வயதில் புகையிலைத் தோட்டத்தில் வேலைக்கு இறங்கியவன், பிறகு சொல்ல வெட்கம். நாற்பது வருடம் எனக்கு வந்த எல்லாவற்றையும் உம்முடைய அக்காதான் வாசித்துச் சொன்னாள். அதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை, உமக்குங்கூட. அன்றைக்கு வாசித்துச் சொல்ல அவள் இருக்கவில்லை.

போன வருடம் தொடக்கம் செவ்வாய்க்கிழமைகளில் முதியோர் வகுப்பில் ஜோசப்பின் என்ற ரீச்சரிடம் தமிழ் எழுத்துப் படிக்கிறேன். என்னைவிட ஒன்பது வயது இளையவ, அடிக்கமாட்டா. வகுப்பில் சேர்ந்த பிறகுதான் கௌசிக்கே விஷயம் தெரியும். கடைப் பெயர்ப்பலகைகளை வாசிப்பதற்காக நான் இப்போது இரண்டு தரிப்புக்கு முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறேன். முழங்கால் நோவுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் முதன்முதலாக முழுதாக வாசித்து முடித்தது அந்த அறிவித்தலைத்தான். இரண்டு பின்னேரம் எடுத்தது. மூன்று பெயர். நாலாவதைத் தேடித் தாளின் பின்பக்கமும் பார்த்தேன்.

இனிக் காரின் நிலைமை. போட்டிக்கு ஒரு கிழமை இருக்கிறது. பெற்றோல் தாங்கியைக் கழற்றிவிட்டு, பின்சீற் இருந்த இடத்தில் சின்னத் தாங்கி ஒன்று பூட்டியாகிவிட்டது. பற்றரி முன்சீற்றின் காலடிக்கு வந்துவிட்டது. கதவுகளைச் சங்கிலியால் கட்டிவிட்டார்கள், இனி ஜன்னலால்தான் ஏற இறங்க வேண்டும். நெருப்புப் பிடித்தால் அணைக்கவென்று பொனற்றில் ஒரு ஓட்டை வெட்டினார்கள். இதையும் திரும்பப் போடலாமோ என்று கௌசியிடம் கேட்டேன். அவள் வெட்டின துண்டை என் கையில் தந்தாள்.

அந்தப் போட்டியில் காரின் மேலே சொந்தபந்தங்களின் பெயர்களை எழுதுவது வழக்கமாம். மேகன் ஒரு பெயின்ற் தகரத்தையும் தூரிகையையும் என் கையில் தந்தாள். இவ்வளவு பெரிய தாள் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஓட்டுபவரின் பக்கத்துக் கதவுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அந்தக் கதவில் மட்டும் ஒருத்தரும் இடிக்கக்கூடாது, இடித்தால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். ஆகவே அதில், "யோகராணியின் அன்புச் சகோதரர் செல்வரட்ணம்" என்று எழுதினேன். காலையில் தொடங்கி மூன்று மணிக்கு முடித்தேன். மற்ற மூன்று பேரும் முதலே அறிவித்தலில் வந்தவர்கள்தானே, அவர்களை டிக்கியில் போட்டேன். இடி முழுக்க அங்கேதான் விழுமாம்.

கௌசி கதவைக் கனநேரம் பார்த்தாள். "மாமா இதை வாசிச்சால் என்ன சொல்லுவார்?"

"முதல் வாசிக்க வரட்டும்," என்றேன்.

ஆகவே மச்சான், உம்முடைய காரை இடிப்பதற்கு உம்முடைய அனுமதியைத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். உமக்கு விருப்பமில்லாவிட்டால் இரண்டு சொல் எழுதிப் போடும். கழற்றியதை எல்லாம் திரும்பப் பூட்ட நான் சம்மதம், என் முழங்கால் மட்டும்தான் மறுக்கிறது. உமக்கும் உம்முடைய வீட்டில் உள்ள எல்லாருக்கும் பிள்ளையார் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு, என் சொந்தக் கையால்,
உம்முடைய அத்தான்,
வே. குலசிங்கம்

பி.கு.: மேலே உள்ள கடைசிப் பக்கத்தை எழுதி முடிக்க எனக்குப் பதினொரு நாள் எடுத்தது. போட்டி போன சனிக்கிழமை முடிந்துவிட்டது. ஆகவே அனுமதி தேவையில்லை, கேட்டதை மறந்துவிடும். ரேடியேற்றர் வெடிக்கும்வரை கௌசி பதின்மூன்று தரம் இடித்தாள். ஒவ்வொரு தரமும் "நான்தான்" என்று கத்தியதில் தொண்டை கட்டி, திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. காரைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனோம். காரின் ஓனர்ஷிப் பத்திரம் உம்முடைய பெயரில் இருக்கிறதாம், நீர் நேரில் வந்து கையெழுத்து வைக்காமல் எடுக்கமாட்டார்களாம். காரை இழுத்துவந்த டோ ட்ரக்குக்காரன் அதைத் திரும்ப எங்கள் ட்ரைவ்வேயில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். டிக்கி பின்சீற் இருந்த இடத்துக்கு வந்துவிட்டது, அந்த மூன்று பேரும் உள்ளே போய்விட்டார்கள். உம்முடைய கதவில் சேறு மட்டும்தான். துடைத்துவிட்டேன். கார் இப்போது முந்தின நீளத்தில் பாதிதான். அதற்குப் பின்னால், நீர் வந்தால் உம்முடைய மற்றக் காரை நிறுத்த இடம் இருக்கிறது.